ஓக் மரத்துக்கு ஒரு எதிரி

மெர்வின் தாக்ஸ்டருக்குச் சொந்தமாக ஒரு ஓக் மரம் இருந்தது. சொந்தம் என்றால் பத்திரத்தில் மட்டும்தான் சொந்தம். வீடும் கொல்லையும் கொல்லையில் நின்ற மரமும் அவர் பெயரில் இருந்தன. ஆனால் அந்த மரத்தில் ஒரு கிளையை அவர் தன்னிஷ்டத்துக்கு ஒடிக்க முடியாது. ஒடித்தால் வழக்கு வரும், அபராதம் வரும், ஊர் கைகொட்டிச் சிரிக்கும். லோயர் டன்வெல் கிராமத்தில் இப்படிச் சட்டத்தின் காவலில் நிற்கும் மரங்கள் பல உண்டு. தேவாலயத்து யூ மரம், பள்ளிக்கூடத்து மேப்பிள், குளத்தங்கரை வில்லோ. அவற்றுக்கெல்லாம் எதிரி என்று யாரும் இல்லை. இந்த ஓக்குக்கு மட்டும் ஒருவர் இருந்தார், அவர் அதன் சொந்தக்காரரேதான்.

வீட்டை வாங்கும்போதே வக்கீல் எச்சரித்திருந்தார், மரத்தின் மேல் காப்பு ஆணை இருக்கிறது, யோசித்துக்கொள்ளுங்கள் என்று. மெர்வின் அப்போது ரயில்வே சிக்னல் அறையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த புதிது. ஒரு மரத்தைப் பற்றி யோசிக்க என்ன இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த கோடையிலேயே புத்தி வந்தது. காலையில் கொல்லையை எட்டிப் பார்க்கும் வெயில் கொஞ்ச நேரத்திலேயே ஓக்கின் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். ஆசை ஆசையாகக் கட்டிய கண்ணாடிக் குடில் அப்புறம் நாள் முழுக்க நிழலில் கிடக்கும். உள்ளே தக்காளிச் செடிகள் வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டி, நோஞ்சானாக வளர்ந்து, பெயருக்குக் காய்த்தன.

அவர் சாப்பிடுவதற்காகத் தக்காளி வளர்த்திருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. ஆகஸ்ட் கடைசியில் ஊர்க் கூடத்தில் நடக்கும் தோட்டப் போட்டிக்காக வளர்த்தார். வெள்ளைத் தட்டில் ஆறு தக்காளி வைக்க வேண்டும். ஒரே அளவு, ஒரே நிறம், காம்பு வாடியிருக்கக் கூடாது. முதல் பரிசுக்குச் சிவப்பு அட்டை, இரண்டாம் பரிசுக்கு நீல அட்டை. மெர்வின் வீட்டு மேசை இழுப்பறையில் நீல அட்டைகள் ஒரு சீட்டுக் கட்டு அளவுக்குச் சேர்ந்திருந்தன. சிவப்பு ஒன்றுகூட இல்லை. சிவப்பெல்லாம் பக்கத்து வீட்டு மிஸஸ் விக்கன்ஸுக்குத்தான் போகும்.

மிஸஸ் டாஃப்னி விக்கன்ஸின் கொல்லை அதே ஓக் மரத்தின் வெயில் பக்கம் இருந்தது. அது போதாதென்று, அந்த மரத்துக்குக் காப்பு ஆணை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். மெர்வினுக்கு முன் அந்த வீட்டில் இருந்தவர் மரத்தை வெட்டிவிட்டு இன்னொரு வீடு கட்டப் பார்த்தார். மிஸஸ் விக்கன்ஸ் மாவட்ட அலுவலகத்தை உண்டு இல்லை என்று பண்ணி, ரம்பம் வருவதற்கு முன்பே ஆணையை வாங்கிவிட்டார். மெல்லிய உடம்பு, நரைத்த கொண்டை, யாரிடமும் குரலை உயர்த்தாத பெண்மணி. ஆனால் பிடித்தால் உடும்புப் பிடி.

ஒவ்வொரு ஜனவரியிலும் மரத்தை வெட்ட அனுமதி கேட்டு மெர்வின் மனுப் போடுவார். ஒவ்வொரு பிப்ரவரியிலும் மாவட்ட மர அதிகாரி ஓவன் பிரிச்சர்ட் ஒரு சுத்தியலோடு வருவார். அடிமரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டுவார், குனிந்து வேரைப் பார்ப்பார், அண்ணாந்து உச்சியைப் பார்ப்பார். மரம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது, அனுமதி இல்லை என்பார். இதற்கு நடுவே ஊர் மன்றம் கூடும். மிஸஸ் விக்கன்ஸ் தன் ஆட்சேபத்தை எழுந்து நின்று வாசிப்பார். இந்த ஓக் இங்கே துளிர்விட்டபோது ரயில் என்ற ஒன்றே உலகத்தில் இல்லை, அதனால் ரயில்வேயிலிருந்து வந்தவர் அதனிடம் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ளலாம் என்று ஒரு வருஷம் வாசித்தார். ஊரே சிரித்தது. மெர்வினும் சிரித்தார். பிறகு தேநீரும் பிஸ்கட்டும் வரும், இரண்டு பேரும் பிஸ்கட் தட்டை ஒருவருக்கொருவர் நீட்டிக்கொள்வார்கள். ஆனாலும் இத்தனை வருஷத்தில் மிஸ்டர் தாக்ஸ்டர், மிஸஸ் விக்கன்ஸ் என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை முன்னேறவில்லை.

மனுவில் குறை எழுத வேண்டுமென்றால் மரத்தைக் கவனித்தாக வேண்டும். எதிரியை மெர்வின் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார். ஊரில் மற்ற மரங்களெல்லாம் பச்சை கட்டி முடித்த பிறகுதான் அது சோம்பல் முறித்து இலை விடும். இலையை உதிர்ப்பதிலும் அதுதான் கடைசி. காய் கொட்டும் வருஷம் குடிலின் கண்ணாடியில் ராப்பகலாக ஆலங்கட்டி மழை. ஜே பறவைகள் அந்தக் காய்களைக் கொண்டுபோய் அவருடைய கேரட் பாத்தியில் புதைக்கும், அங்கே ஓக் கன்று முளைக்கும், அதைப் பிடுங்குவதும் அவர் வேலை. கிழக்குக் கிளையின் பொந்தில் ஒரு ஆந்தைக் குடும்பம் வாடகை இல்லாமல் குடியிருந்தது. இத்தனையும் ஒன்று விடாமல் மனுவில் ஏறும். ஒரு பகையாளியைப் பற்றி இவ்வளவு தெரிந்துவைத்திருந்த மனிதர் அந்த ஜில்லாவிலேயே வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பிறகு ஒரு ஜனவரியில் அவருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஊன்றுகோலும் வலியுமாக இருந்ததில் அந்த வருஷம் மனுப் போடவில்லை. பிரிச்சர்டும் வரவில்லை. அடுத்த ஜனவரியில் கால் சரியாகிவிட்டது, மனுவும் போயிற்று.

பிரிச்சர்ட் வந்தார். வழக்கம்போல் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனவர் குடில் பக்கம் வந்ததும் நின்றார். அங்கே வேர் மண்ணுக்குள் இறங்கும் இடத்தில், சருகுக்கு அடியில், சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு காளான் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபடி தட்டினார். இதுவரை ணங்கென்று வந்த சத்தம் அங்கே மட்டும் தொப்பென்று வந்தது. பையிலிருந்து ஊசி மாதிரி மெல்லிய துளைப்பானை எடுத்து மூன்று நான்கு இடத்தில் உள்ளே விட்டுப் பார்த்தார். அதற்குள் அவர் முகம் மாறிவிட்டது.

“போன வருஷம் ஏன் மனு போடல?” என்று கேட்டார்.

“முட்டியில ஆபரேஷன். ஏன், என்னைப் பாக்காம ஏங்கிட்டீங்களா?”

“மனு வந்தாத்தான் நான் வர முடியும். இந்த ஜில்லா பூரா மரம், பாக்குறதுக்கு நான் ஒருத்தன். போன வருஷமே பாத்திருந்தா அப்பவே மேல கிளையக் கழிச்சுப் பாரத்தக் கொறச்சிருக்கலாம். இப்ப இந்தப் பக்கத்து வேரு உளுத்துப் போயிடுச்சு. சாஞ்சா வீடு வரைக்கும் எட்டாது, நேரா உங்க கண்ணாடிக் குடில் மேலதான். நீங்க எந்நேரமும் அதுக்குள்ளயே கெடக்குறீங்க.” பிரிச்சர்ட் துளைப்பானைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். “சந்தோஷப்படுங்க, மிஸ்டர் தாக்ஸ்டர். இந்தத் தடவ உங்களுக்கு அனுமதி கெடச்சிடும்.”

இருபது வருஷமாகக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. மெர்வின் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. அண்ணாந்து பார்த்தார். மொட்டைக் கிளைகளின் நடுவே வானம் தெரிந்தது, ஆந்தைப் பொந்து தெரிந்தது.

“எதுக்கும் இன்னொரு தரம் தட்டிப் பாருங்களேன்” என்றார்.

சேதி ஊருக்குள் பரவ வெகு நேரம் ஆகவில்லை. அன்று சாயங்காலம் மெர்வின் பப்புக்குள் நுழைந்தபோது பேச்சு சட்டென்று அடங்கியது. லோயர் டன்வெல்லில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே ஏச மாட்டார்கள். அவர்களுக்குக் கோபம் வந்தால் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். இந்த வருஷம் வெயில் நன்றாக இருக்கும் போலிருக்கிறது என்றார் ஒருவர். சில பேருக்கு ரொம்ப நன்றாக இருக்கும் என்றார் இன்னொருவர். மெர்வின் பாதிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். மரத்தை வெட்ட வேண்டாம் என்றுதான் நானும் நினைக்கிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவருக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை.

அவருடைய மனைவி பாலினுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. அவர் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டே சொன்னார். “தெனமும் காலையில நீ அந்த மரத்தத் திட்டுற சத்தம் கேட்டுத்தான் நான் எந்திரிக்கிறேன், மெர்வ். அது போயிடுச்சுன்னா அப்புறம் என்னையத்தான் திட்டப் போற. அதனால, அதக் காப்பாத்த என்ன வழின்னு போயி அந்தப் பிரிச்சர்டுகிட்டயே கேளு.”

மறுநாள் மெர்வின் பேருந்து ஏறி மாவட்ட அலுவலகத்துக்குப் போனார். பிரிச்சர்ட் அவரைப் பார்த்ததும் அனுமதிக்கு அவசரப்படுத்த வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் எழுதி முடிக்கவில்லை என்றார். மெதுவாக எழுதுங்கள் என்றார் மெர்வின். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மரத்துக்குக் கீழே குடிலே இல்லை என்று வைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

பிரிச்சர்ட் பேனாவைக் கீழே வைத்தார்.

“ஆபத்துங்கறது மரத்துல மட்டும் இல்ல, அதுக்குக் கீழ என்ன இருக்குங்கறதுலதான் பாதி இருக்கு. கீழ ஒண்ணும் இல்லாம, மனுஷ நடமாட்டமும் இல்லாம இருந்தா, நான் உச்சியில மூணுல ஒரு பங்கக் கொறச்சு நிக்க வெச்சிடுவேன். ஓக்கு சாமானியமா சாகாது. நம்ம எல்லாரையும் அனுப்பி வெச்சுட்டுத்தான் போகும். ஆனா குடில வேற எடத்துக்கு மாத்தணுமே. எடம் இருக்கா?”

இடம் இல்லை. வீட்டின் முன்பக்கம் கைக்குட்டை அளவுதான், அதிலும் வடக்குப் பார்த்தது. குடிலை எடுத்தால் எடுத்ததுதான். குடில் போனால் தக்காளி போயிற்று, தக்காளி போனால் சிவப்பு அட்டையும் போயிற்று. எழுபத்தெட்டு வயதில் ஒரு மனிதனுக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை அது. சின்ன ஆசைதான். சின்னதாக இருந்ததனாலேயே அதை விடுவது அவருக்கு மலையைப் பெயர்ப்பதாக இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் பேருந்து ஜன்னலில் தெரிந்த மரங்களை முறைத்துக்கொண்டே வந்தார்.

இரண்டு நாள் கழித்து வாசல் மணி அடித்தது. மிஸஸ் விக்கன்ஸ் நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த வீட்டு வாசற்படி ஏறியது அதுதான் முதல் தடவை. நல்ல கோட்டு, நல்ல தொப்பி, சாவு வீட்டுக்குக் கிளம்பியவர் போல. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“மிஸ்டர் தாக்ஸ்டர், நான் இனிமே போட்டியில தக்காளி வெக்கப் போறதில்ல. இந்த வருஷம் மட்டும் இல்ல, எப்பவுமே. செவப்பு அட்டய நீங்களே எடுத்துக்குங்க. அந்த மரத்த விட்டுடுங்க.”

மெர்வினுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு காலமும் இந்தப் பெண்மணி அவரை மரத்தைத் தின்னப் பார்க்கும் ஆளாகத்தான் நினைத்திருக்கிறார், அப்படி இருந்தும் தன்னிடம் இருந்ததிலேயே பெரியதைத் தூக்கிக் கொடுக்க வந்திருக்கிறார். கோபம் வந்தது, கூடவே ஒரு மரியாதையும் வந்தது. இரண்டில் எதை முதலில் காட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

“நீங்க விட்டுக்குடுத்து நான் ஜெயிக்கணுமா? அதுக்கு நீல அட்டையே தேவல” என்றார். பிறகு பின்வாசல் கதவைத் திறந்து காட்டினார். குடிலின் கூரையில் பாதிக் கண்ணாடி இல்லை. கழற்றிய கண்ணாடிகள் பழைய போர்வையில் சுற்றிச் சுவரோரமாக அடுக்கியிருந்தன. முந்தின நாள் காலையிலேயே அவர் ஆரம்பித்துவிட்டார்.

மிஸஸ் விக்கன்ஸுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தன்னுடைய குடிலில் பாதியை மெர்வின் எடுத்துக்கொள்ள வேண்டும், தெற்குப் பார்த்த பாதி, அங்கே செடியை வைத்துக்கொள்ளட்டும் என்றார்.

“அது முடியாதே. போட்டிக்கு வெக்கிறது அவங்கவங்க சொந்தத் தோட்டத்துல வெளஞ்சதா இருக்கணும்னு விதி இருக்கே.”

“அந்த விதிய எழுதினதே நான்தான்” என்றார் மிஸஸ் விக்கன்ஸ், வாய்க்குள்ளேயே.

“தெரியும். நல்ல விதி. அத மாத்தாதீங்க.”

பாலின் தேநீர் கொண்டுவந்தபோது இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் மறுநாள் காலை மெர்வின் மிச்சக் கண்ணாடியைக் கழற்ற ஏணியில் ஏறியபோது, கீழே மிஸஸ் விக்கன்ஸ் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். அவர் ஒவ்வொன்றாகக் கீழே கொடுக்கக் கொடுக்க, இவர் குழந்தையை வாங்குவது போல் வாங்கிப் போர்வையில் கிடத்தினார். ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. வேலியைக் கடந்து போன ஊர்க்காரர்கள் ஒருவர் விடாமல் நின்று பார்த்தார்கள், வானிலையைப் பற்றி யாரும் பேசவில்லை.

இலை விடுவதற்கு முன்பே கயிறு கட்டி ஏறுகிறவர்கள் வந்தார்கள். பிரிச்சர்ட் கீழே நின்று கையைக் காட்டிக் காட்டி எந்தக் கிளை, எவ்வளவு என்று சொன்னார். ஆந்தைப் பொந்து இருந்த கிளையைத் தொடவில்லை. வேலை முடிந்தபோது மரம் முடி வெட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி கொஞ்சம் அசட்டுத்தனமாக நின்றது. மே மாதக் கடைசியில், தன் வழக்கப்படி எல்லோருக்கும் பின்னால், துளிர்த்தது. நிறையத் துளிர்த்தது. அடிமரத்திலிருந்தெல்லாம் புதுக் குருத்து கிளம்பியது. மெர்வின் தினமும் ஜன்னலில் நின்று அதைப் பார்த்தார். இந்தக் கிழம் லேசில் போகிற ஆளில்லை என்று பாலினிடம் சொன்னார்.

ஜூன் மாதம்தான் அவர் இன்னொன்றைக் கவனித்தார். உச்சி குறைந்துபோனதால் வெயில் தடையில்லாமல் கொல்லைக்குள் இறங்கியது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அடித்தது. சரியாக எந்த இடத்தில் என்றால், குடில் நின்ற அந்தச் செவ்வகத்தில். அவர் இருபது வருஷம் மன்றாடிக் கேட்ட வெயில், இப்போது வெறும் தரையில் தகதகவென்று கிடந்தது. மெர்வின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரிப்பு அடங்கவில்லை, சத்தம் கேட்டுப் பாலின் ஓடிவந்து பார்த்து அவரும் சிரித்தார். ஒரு நாற்காலியைப் போட்டு அங்கே உட்காரலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மரத்துக்குக் கீழே மனிதர் யாரும் உட்காரக் கூடாது என்று பிரிச்சர்ட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தக்காளிக்கு அந்தத் தடை கிடையாது. மீந்திருந்த நாற்றுகளை மெர்வின் அங்கே வெட்டவெளியில் நட்டுவிட்டு, தண்ணீர் ஊற்ற மட்டும் போய்விட்டு ஓடிவந்தார். ஆனால் அந்த ஊர்க் கோடைக்குக் கண்ணாடி இல்லாமல் தக்காளி பழுப்பது பெரும்பாடு. ஆகஸ்ட் வந்தபோது எல்லாம் பச்சைக் கல்லாகத்தான் இருந்தன. பாலின் அவற்றைப் பறித்து, வெங்காயமும் வினிகரும் சர்க்கரையும் போட்டுச் சட்னி காய்ச்சி, போட்டியில் சட்னி வரிசையில் மெர்வின் பெயரில் வைத்தார். இரண்டாம் பரிசு. முதல் பரிசு யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. நீல அட்டையை மிஸஸ் விக்கன்ஸே அவர் கையில் கொடுத்தார்.

ஜனவரி பிறந்தது. முதல் வாரத்திலேயே மெர்வின் தாக்ஸ்டர் மரத்தை வெட்ட அனுமதி கேட்டு மனுப் போட்டார்.

ஊருக்குத் தலை சுற்றியது. இந்த ஆளுக்குக் கண்ணாடியோடு சேர்ந்து புத்தியும் கழன்றுவிட்டது என்றார்கள் பப்பில். அன்று மாலையே வாசல் மணி அடித்தது. இந்தத் தடவை மிஸஸ் விக்கன்ஸ் தொப்பிகூடப் போடாமல் வந்திருந்தார்.

“மறுபடியும் மனு போட்டிருக்கீங்களாமே. உண்மையா?”

“உண்மைதான். உக்காருங்க” என்றார் மெர்வின். அவர் உட்கார்ந்தபிறகு சொன்னார். “வெட்டணும்னு கேட்டாத்தான் வந்து பாக்குறாங்க. ஒரே ஒரு வருஷம் கேக்காம விட்டேன், என்ன ஆச்சுன்னு நீங்களே பாத்தீங்கல்ல. இனிமே விடமாட்டேன். நான் இருக்கறவரைக்கும் வருஷா வருஷம் கேப்பேன். அவரு வந்து தட்டிப் பாத்துட்டு முடியாதுன்னு சொல்லிட்டுப் போகட்டும்.”

மிஸஸ் விக்கன்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே மரம் குளிரில் நின்றுகொண்டிருந்தது.

“அப்ப நான் எதுத்து எழுதணுமா?”

“கண்டிப்பா எழுதணும். யாரும் எதுக்கலன்னா குடுத்துத் தொலச்சிடப் போறாங்க.”

“நான் வழக்கமா உங்களப் பத்திக் கொஞ்சம் மோசமாத்தான் எழுதுவேன். சுயநலக்காரருன்னு.”

“ஈவு இரக்கம் இல்லாதவருன்னும் சேத்துக்குங்க.”

“சேத்துக்கறேன், மெர்வின்” என்றார் அவர்.

மெர்வின் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, தேநீர் போட எழுந்து போனார்.